பழவேற்காட்டு வானில் ஒரு சிவப்புக் கட்டம்

விண்ணொளிப்படத்தில் இறங்கப்போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் நான் கேமராவைப் பற்றியும் டெலஸ்கோப்பைப் பற்றியும் விசாரிப்பதில்லை. "ஸ்டெல்லேரியம் போட்டாச்சா? அதுல ஆக்குலர்ஸைத் திறந்து பாத்தாச்சா?" என்பதுதான் என் முதல் கேள்வி. இல்லை என்று பதில் வந்தால் அங்கேயே லேப்டாப்பை விரித்து, ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஸ்டெல்லேரியம் வானத்தைத் திரையில் காட்டும் இலவச மென்பொருள். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. உலகம் முழுக்க ஆர்வலர்கள் கைகொடுத்து வளர்த்து, 2022-இல்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொன்னால் அந்த நேரத்து வானம் அப்படியே விரியும். இது பலருக்கும் தெரியும். அதற்குள்ளேயே ஆக்குலர்ஸ் என்ற ஒரு பகுதி இருக்கிறது. அதில் லென்ஸின் குவியத் தூரத்தையும், கேமரா சென்சாரின் நீள அகலத்தையும், பிக்சல் எண்ணிக்கையையும் ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் போதும், திரையில் இருக்கும் வானத்தின் மேல் ஒரு சிவப்புச் செவ்வகம் வந்து உட்காரும். உங்கள் கேமரா, உங்கள் லென்ஸ், அந்த இடத்தைப் பார்த்தால் படத்தில் எவ்வளவு வருமோ அவ்வளவுதான் அந்தக் கட்டம். நகர்த்தலாம். ஒரு டிகிரி, ஐந்து டிகிரி, பதினைந்து டிகிரி என்று பொத்தானைத் தட்டித் திருப்பலாம். நாளை ராத்திரி எடுக்கப்போகும் படத்தை இன்று மத்தியானமே பார்த்துவிடலாம்! இதைவிடப் பெரிய கொடை இந்தக் கலையில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆழ்விண் படங்களில் கஷ்டமே இதுதான்: எடுக்கப்போவது கண்ணுக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் படமெடுப்பவர் வியூஃபைண்டரில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்துக்கொண்டே எடுக்கிறார். எங்களுக்கு அங்கே இருட்டும் சில வெள்ளைப் புள்ளிகளும்தான். நெபுலா என்பது அறுபது நொடிப் படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்து, வீட்டுக்கு வந்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, இழுத்து, கறையெல்லாம் கழித்த பிறகு கடைசியில் எட்டிப்பார்ப்பது. அதன் ஒரு கை படத்துக்கு வெளியே போயிருந்தால் அப்போதுதான் தெரியும். ஆகவே, பார்க்காத ஒன்றை எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். விண்ணொளிப்படக் கலையின் பாதி அந்த முடிவில் இருக்கிறது என்று நான் மனமார நம்புகிறேன். மீதியெல்லாம் பொறுமை, பேட்டரி, வானிலை.

என்னிடம் இருப்பது கேனான் 1300டி. சென்சார் 22.3 மில்லிமீட்டர் நீளம், 14.9 மில்லிமீட்டர் அகலம். அதில் 135 மிமீ லென்ஸைப் பொருத்தினால் ஸ்டெல்லேரியம் காட்டும் கட்டம் 9.4 டிகிரிக்கு 6.3 டிகிரி. முழுநிலா அரை டிகிரிதான். அப்படியென்றால் நீளவாக்கில் பதினெட்டு நிலாக்கள் வரிசையாக நிற்கலாம். ஆந்த்ரோமேடா விண்மீன் மண்டலம் 3 டிகிரி நீளம், ஓரியன் நெபுலா ஏறத்தாழ 1 டிகிரி என்று புத்தகத்தில் படித்திருப்போம். எண்ணாகப் படிப்பது வேறு. கட்டத்துக்குள் ஆந்த்ரோமேடா சாய்வாகப் படுத்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டிருப்பதைக் கண்ணால் பார்த்ததும், "ஆஹா, 200 மிமீ லென்ஸாக இருந்தால் இன்னும் பாந்தமாக இருக்குமே" என்று கை தானாக எண்ணை மாற்றுகிறது. கட்டம் 6.4-க்கு 4.3 ஆகச் சுருங்குகிறது. இன்னும் கைக்கு வராத லென்ஸில்கூட வானத்தைப் பார்த்துவிடலாம். பணத்தைக் கொட்டுவதற்கு முன்னால் எத்தனை பேரை இது காப்பாற்றியிருக்கும்!

அந்தக் கட்டத்துக்குப் பின்னால் திரையில் தெரியும் வானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. டிஎஸ்எஸ் என்ற அடுக்கைத் திறந்தால் வெறும் புள்ளிகளுக்குப் பதில் நிஜமான வானத்தின் படம் வரும். கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. 1949-இல் தொடங்கி வட வானம் முழுவதையும் அதில் 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தார்கள். ஒரு தகட்டில் ஆறரை டிகிரி வானம். தென் வானத்தை ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் மலையில் இருந்த இன்னொரு ஷ்மிட் தொலைநோக்கி எடுத்தது. அந்தத் தகடுகளையெல்லாம் பிறகு ஸ்கேன் செய்து, 1994-இல் 102 சிடிக்களாக வெளியிட்டார்கள். பின்னால் எடுத்த தகடுகளும் சேர்ந்து இன்று வண்ணத்திலேயே கிடைக்கிறது. எங்கோ ஒரு மலையுச்சியில் குளிரில் நின்றுகொண்டு யாரோ கண்ணாடித் தகட்டை மாற்றி மாற்றி எடுத்த வானம், பொன்னேரியில் என் மேசையில், ஒரு பைசா செலவில்லாமல் விரிந்து கிடக்கிறது. அதன் மேல் என் சின்னக் கட்டத்தை நான் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். நினைக்க நினைக்க எனக்குப் புல்லரிக்கும்.

பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்தால் பழவேற்காடு. பழவேற்காடு ஏரியை எல்லோரும் பூநாரைக்காகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. டச்சுக்காரர் கோட்டையும் கல்லறைகளும் இருக்கும் ஊர். நான் போவது அதையும் தாண்டி, பாலத்தைக் கடந்து, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுக்கு. லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம் என்று மீனவக் கிராமங்கள் வரிசையாக இருக்கும் பக்கம். கிழக்கே பார்த்தால் வங்காள விரிகுடா. அந்தப் பக்கம் ஊர் கிடையாது, தெருவிளக்கு கிடையாது, தூரத்தில் ஓரிரண்டு படகு விளக்குகள் மட்டும்தான். வடக்கே முகத்துவாரத்துக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கேதான் சங்கடம்: காட்டுப்பள்ளித் துறைமுகம் பதினைந்து கிலோமீட்டருக்குள், அதற்குப் பின்னால் எண்ணூர், அனல்மின் நிலையங்கள், அதற்கும் பின்னால் சென்னை மாநகரமே எரிந்துகொண்டிருக்கிறது. தெற்கு அடிவானம் ராத்திரி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் வெளுத்துக் கிடக்கும்.

ஆனால் இந்த இடத்தின் அட்சரேகை இருக்கிறதே, 13.4 டிகிரி, அது வரம். லண்டனில் இருப்பவருக்குக் கேட்டை நட்சத்திரம் அடிவானத்தில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். நமக்கு ஐம்பது டிகிரி உயரத்தில் ஏறி நிற்கிறது. ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்தை ஐரோப்பாவில் பெரும்பாலோர் பிறந்த ஊரில் பார்க்கவே முடியாது. பழவேற்காட்டில் அது 29 டிகிரி வரை எழும்பும். தெற்கின் புதையல்கள் இவ்வளவு இருந்தும், தெற்கில்தான் விளக்கு வெளிச்சமும் இருக்கிறது. ஸ்டெல்லேரியத்தை நான் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுவதற்கு இதுவே காரணம்: இந்த முடிச்சை அவிழ்த்தது அது.

முதலில் செய்தது, என் அடிவானத்தை அதற்குள் கொண்டுபோனது. லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் நின்று செல்போனில் சுற்றிலும் பனோரமா எடுத்து, வானத்தை அழித்து, ஸ்டெல்லேரியத்துக்கு ஒரு நிலக்காட்சியாகக் கொடுத்தேன். அது ஏற்றுக்கொள்கிறது! இப்போது திரையில் தெரியும் அடிவானம் என் அடிவானம். மேற்கே சவுக்குத் தோப்பின் உயரம், கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகுகளின் மூக்கு, கலங்கரை விளக்கம் எல்லாம் அதனதன் இடத்தில். எந்த நட்சத்திரம் தோப்புக்குப் பின்னால் எத்தனை மணிக்கு மறையும் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம். துறைமுக வெளிச்சம் எந்தத் திசையில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அந்தப் படத்திலேயே பதிந்திருக்கிறது. இதை ஒருமுறை செய்துவைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு வானம் பொதுவான வானமாக இருக்காது, உங்கள் ஊர் வானமாகிவிடும்.

அதன் பிறகு ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் பந்தாகத் திரண்டு நிற்கும் கொத்து அது. தாலமி அதை ஒரு விண்மீன் என்றே பட்டியலில் எழுதிவைத்தார். 1677-இல் எட்மண்ட் ஹாலி செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துத்தான் அது தனி விண்மீன் அல்ல என்று குறித்தார். நான் கட்டத்தை அதன் மேல் கொண்டுபோய் வைத்து, சும்மா நீளவாக்காக நிமிர்த்தினேன். கட்டத்தின் மேல் பாதியில் இன்னொரு மங்கலான பொட்டு! சென்டாரஸ் ஏ. ஒரு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கும் முழு விண்மீன் மண்டலம், குறுக்கே தூசுப் பட்டை ஓடுவது. இரண்டுக்கும் நடுவில் நாலரை டிகிரிதான். ஏறத்தாழ ஒரே நேர்க்கோட்டில், ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. 9.4 டிகிரி நீளத்தில் இரண்டையும் வைத்தால் மேலும் கீழும் தலா இரண்டரை டிகிரி காலியாக நிற்கும். அளந்து வெட்டியதுபோல அமைந்துவிட்டது. தனித்தனியாக எடுக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். நம் வீட்டு வாசலில் இருக்கும் கொத்தும், வேறொரு அண்டமும் ஒரே படத்தில் என்ற யோசனையைக் கொடுத்தது அந்தச் சிவப்புக் கோடு. என் லென்ஸில் ஒமேகா முந்நூற்றுச் சொச்சம் பிக்சல் அகலம்தான் வரும், சென்டாரஸ் ஏ அதைவிடச் சின்னது. வரட்டுமே! அந்த இடைவெளியைப் பார்க்கும்போது வரும் திகைப்புக்கு எந்தப் பெரிய டெலஸ்கோப்பின் நெருக்கப் படமும் ஈடாகாது என்பது என் கட்சி.

இனி எப்போது எடுப்பது? பங்குனித் தொடக்கத்தில் ஒமேகா இரவு இரண்டு மணிவாக்கில் தெற்கு உச்சிக்கு வரும், 29 டிகிரி. அதிக உயரம், ஆனால் நேர் கீழே துறைமுகமும் சென்னையும். ஸ்டெல்லேரியத்தில் நேரத்தைப் பின்னால் உருட்டினேன். மூன்று மணி நேரம் முன்னால் போனால் அது தென்கிழக்கே கடலின் மேல், வெளிச்சத்திலிருந்து முப்பது டிகிரி விலகி நிற்கிறது. ஆனால் உயரம் 17 டிகிரிதான், கடல் ஈரத்தின் வழியாகப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னால் என்றால் உயரம் 23 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல், தெற்கிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் விலகல். அதைச் சுற்றித்தான் என் நேரத்தை அமைத்தேன்: பதினொன்றரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு நிறுத்துவது. ஐந்து டிகிரி உயரத்தை விட்டுக்கொடுத்து, கறுத்த வானத்தை வாங்கிக்கொள்வது. படம் வந்தபோது பின்னணி எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று சொல்லி மாளாது. அந்த இரண்டு மணி நேரத்தைக் கண்டுபிடித்தது மேசையில், பகல் வெளிச்சத்தில், மவுஸ் சக்கரத்தை உருட்டி!

கோணம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 135 மிமீ லென்ஸைச் சும்மா டிரைபாடில் வைத்தால் பூமி சுழலும் வேகத்தில் விண்மீன் நொடிக்கு இரண்டு பிக்சலுக்கு மேல் நகர்ந்து கோடாகிவிடும். அதனால் பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வேண்டும்; அதன் அச்சு துருவ விண்மீனைப் பார்த்திருக்க வேண்டும். பழவேற்காட்டில் துருவ விண்மீன் பதின்மூன்று டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்து மூட்டத்துக்குள். பொறுமையாகத் தேட வேண்டும். டிராக்கர் ஓடத் தொடங்கிய பிறகு கட்டத்தின் சாய்வு அடிவானத்தைப் பொறுத்தது அல்ல, வானத்தின் வடக்கைப் பொறுத்தது. தென்கிழக்கில் ஒமேகா இருக்கும்போது வடக்கு-தெற்குக் கோடு செங்குத்திலிருந்து முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்து கிடக்கும். கேமராவை மண்ணுக்கு நேராக நிமிர்த்தினால் ஜோடி கோணலாகிவிடும். திரையில் கட்டம் எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அப்படியே கேமராவையும் சாய்த்துவிட்டு, பதினைந்து நொடிக்கு ஒரு சோதனைப் படம் எடுத்து அஸ்டாப் என்ற மென்பொருளிடம் கொடுப்பேன். அது விண்மீன்களின் அமைப்பை வைத்தே, படத்தின் நடுப்புள்ளி வானத்தில் எங்கே இருக்கிறது, கேமரா எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்று நொடிகளில் சொல்லிவிடும். அதுவும் இலவசம். இணையமே வேண்டாம். குப்பத்துக் கரையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் எனக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

விடியற்காலை மூன்றரை மணிக்குக் கரை விழித்துக்கொள்ளும். வலைகளைப் படகில் ஏற்றுவார்கள், டீசல் கேன் வரும், பீடி நெருப்பு மின்னும். தேள் விண்மீன் கூட்டம் அப்போது நன்றாக ஏறி வந்திருக்கும். நான் கேட்டை நட்சத்திரத்தின் பக்கம் கட்டத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள் வயதில் மூத்த ஒருவர் வந்து லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, வானத்துல கட்டம் கட்டி வச்சினு இருக்கே?"

"இந்தக் கட்டத்துக்குள்ள இருக்கிறதுதாண்ணே படத்துல வரும். மத்தியானமே பாத்து வச்சிட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ பாடு பாத்துட்டுத்தான் வலையப் போட்றேன்னு சொல்லு."

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்பது பெரிய விஷயம். இறால் வரும் இடங்களைக் குலுக்கல் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நான் பக்கம் பக்கமாக விளக்க நினைத்ததை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் படகைத் தள்ளப் போய்விட்டார்.

கேட்டையைச் சுற்றியிருக்கும் அந்தப் பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கேட்டை செம்மஞ்சள், அதன் ஒளி பட்டுச் சுற்றியுள்ள தூசு மஞ்சளாக மினுங்கும். மூன்று டிகிரி வடக்கே ரோ ஒஃபியூக்கி, அதைச் சுற்றி நீலம். கேட்டைக்குப் பக்கத்திலேயே எம் 4 விண்மீன் கொத்து. நடுவே கறுப்பு ஆறுகள். வானத்திலேயே இவ்வளவு நிறம் ஒரே இடத்தில் கொட்டிக் கிடப்பது இங்கேதான். இன்னும் வடமேற்கே போனால் நீலக் குதிரைத் தலை என்ற ஐசி 4592. அதையும் சேர்த்தால் என்ன என்று கட்டத்தை முப்பது டிகிரி திருப்பிப் பார்த்தேன். குதிரையின் முக்கிய விண்மீனுக்கும் கேட்டைக்கும் எட்டு டிகிரி. கட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கேட்டையை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், லென்ஸின் மூலையில் அது சிதறும். குதிரையை விட்டுவிட்டேன். விட்டதில் வருத்தமே இல்லை. கேட்டையைக் கீழ் மூன்றிலொரு பங்கில் வைத்து, கறுப்பு ஆறுகள் கிழக்கே ஓட இடம் விட்டு எடுத்த படம்தான் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எதை விடுவது என்று நிதானமாக யோசிக்க அவகாசம் கொடுக்கிறதே இந்த மென்பொருள், அதைத்தான் நான் கும்பிடுகிறேன்.

ஸ்டெல்லேரியத்தோடு நின்றுவிடாதீர்கள். வீட்டில் இணையம் இருக்கும்போது டெலஸ்கோபியஸ் என்ற இணையதளத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் ஊரைச் சொன்னால் இந்த மாதம் எந்தெந்தப் பொருள் எவ்வளவு உயரம் ஏறும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்கும். அங்கேயும் கட்டம் உண்டு. ஒரு கட்டத்துக்குள் அடங்காததைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒன்றின் ஓரம் இன்னொன்றின் மேல் எத்தனை சதவீதம் ஏற வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றின் ஆயங்களையும் பட்டியலாகத் தந்துவிடும். மோட்டார் வைத்த மவுண்ட் இருப்பவர்களுக்கு நினா என்ற மென்பொருள் இருக்கிறது. திரையில் கட்டத்தை வைத்துச் சொடுக்கினால் தொலைநோக்கி தானே அங்கே திரும்பி, சோதனைப் படம் எடுத்து, தானே சரிபார்த்துக்கொள்ளும். லினக்ஸ்காரர்களுக்கு கேஸ்டார்ஸ். எல்லாமே ஆர்வத்தில் எழுதப்பட்டவை.

பெரிய ஆட்களும் இந்தக் கட்டக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கியின் பார்வை மிகக் குறுகலானது. 2015-இல் வெளியான அதன் பிரம்மாண்டமான ஆந்த்ரோமேடா படம் 411 தனிப் படங்களை ஒட்டியது, 150 கோடி பிக்சல். அதுவும் மண்டலத்தின் ஒரு பகுதிதான். இந்தக் கரையிலிருந்து வடக்கே தெரியும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று கிளம்பிய ஆஸ்ட்ரோசாட்டில் ஒரு புறஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. அதன் பார்வை 28 ஆர்க்நிமிடம், நிலாவைவிடக் கொஞ்சம் சிறியது. ஒமேகா சென்டாரி அதற்குள் முழுசாக அடங்காது! என் 135 மிமீ லென்ஸிலோ ஒமேகாவோடு ஒரு விண்மீன் மண்டலமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வானம்.

தெற்கு வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிந்தாமணி ரகுநாதாச்சாரி நினைவுக்கு வருவார். நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். அந்த விண்மீன் சென்னையில் தெற்கு அடிவானத்துக்கு மேல் அதிகபட்சம் பதினான்கு டிகிரிதான் ஏறும். அந்த உயரத்தில் இன்று நுங்கம்பாக்கத்திலிருந்து எதைக் காண முடியும்? அவர் கண்ட வானத்தின் மிச்சம் இன்னும் பழவேற்காட்டுக் கரையில், தென்கிழக்கே, கடலுக்கு மேலே இருக்கிறது. எடுத்துக்கொள்ளத் திட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது என் ஆசையெல்லாம் பால்வீதியின் நடுப்பகுதி. மூலம், பூராடம் இருக்கும் பக்கம். லகூன் நெபுலா எம் 8 தொடங்கி, டிரிஃபிட், ஸ்வான், கழுகு நெபுலா எம் 16 வரை ஒரே படத்தில் வேண்டும். எம் 8-க்கும் எம் 16-க்கும் பதினோரு டிகிரிக்கு மேல். கட்டத்தின் மூலைவிட்டம் 11.3 டிகிரி. மூலைக்கு மூலை வைத்தால் இரண்டும் பாதியில் வெட்டுப்படும். ஆக இரண்டு பேனல். இருபது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் 17 டிகிரி நீளம், 6.3 டிகிரி அகலம், வடக்கிலிருந்து பதினெட்டு டிகிரி கிழக்கே சாய்ந்த பட்டை.

இதை அரங்கன்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெண், ஒன்பதாவது படிக்கிறாள், பக்கத்தில் வந்து நின்றாள். மவுஸை அவள் கையில் கொடுத்தேன். நான் நெபுலாக்களையெல்லாம் நட்ட நடுவில் வரிசையாக வைத்திருந்தேன். அவள் பட்டையை ஒரு டிகிரி மேற்கே தள்ளினாள். பால்வீதியின் ஓரத்துக் கறுப்பு மேகம் முழுதாக உள்ளே வந்தது. சிவப்புப் பொட்டுகள் கிழக்கு விளிம்பை நோக்கி ஏறிப்போயின.

"இப்ப நல்லாருக்குல்ல ணா? இருட்டு இருந்தாத்தான அந்தச் செவப்பு தெரியும்."

தெரிந்தது! பிரமாதமாகத் தெரிந்தது. அந்த ஆயங்களை அப்படியே சேமித்துவிட்டேன். பங்குனி அமாவாசையை ஒட்டி, நள்ளிரவு தாண்டி லகூன் தென்கிழக்கே கடலுக்கு மேல் முப்பது டிகிரி ஏறியதும் முதல் பேனல். தேள் வால் உச்சிக்கு வருவதற்குள் இரண்டாவது. லென்ஸில் பனி படியாமல் இருக்க ஹீட்டர் பட்டி, இரண்டு பவர் பேங்க், உப்புக்காற்றைத் துடைக்கத் துணி எல்லாம் எடுத்துவைத்தாகிவிட்டது. உங்களிடம் ஒரு கேமராவும் ஏதோ ஒரு லென்ஸும் இருந்தால், இன்று ராத்திரியே ஸ்டெல்லேரியத்தைப் போட்டு, சென்சார் அளவை எழுதி, கட்டத்தைக் கேட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பதினைந்து டிகிரி திருப்பிப் பாருங்கள். இன்னும் பதினைந்து.